நான் கைது செய்த மாடு

தென்காசி வட்டாரத்தில் மாட்டைக் கைது செய்தவன் யார் என்று நீங்கள் தேடினால், அது நான்தான். குத்துக்கல்வலசை டீக்கடையில் கேட்டாலே போதும், சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். பயிரில் மேய்ந்த மாட்டைக் கட்டிப்போட்டவர்கள் உண்டு. கல்லெறிந்து விரட்டியவர்கள் உண்டு. என்ன குற்றம் என்பதை அதன் முகத்துக்கு நேராக எடுத்துச் சொல்லி, சாட்சி வைத்து, முறைப்படி காவலில் எடுத்து, பிறகு வேளாவேளைக்கு என் பயிரையே அறுத்து அதற்குச் சாப்பாடு போட்ட அறிவாளி நான் ஒருவன்தான்.

இதை எழுதும்படி என்னைத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. அருவி டூட்டியில் என்னோடு நின்ற தம்பி ஒருவர் பேசினார்.

“அண்ணே, வாற சித்திரையோட நமக்கும் சர்வீஸ் முடியுது. உங்கள மாதிரி ஒரு தோட்டத்தப் போட்டு உக்காந்துரலாம்னு பாக்கேன்.”

“யார மாதிரி?”

“உங்கள மாதிரிண்ணே.”

என்னைப் போல இன்னொருவர் கிளம்பினால் இந்த வட்டாரம் தாங்காது. நம் ஓய்வு பெற்ற காவலர் சங்க மலருக்கும் ‘பணி அனுபவம்’ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே கல்யாணமாக முடித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். காலையில் புல் அறுத்துவிட்டு அப்படியே வந்து எழுதுவதால் தாளில் அங்கங்கே பச்சைக் கறை இருக்கும், அச்சுக்கோப்பவர் பொறுத்துக்கொள்ளவும்.

என் பணிக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயிற்சிப் பள்ளியில் ஓடச் சொன்னார்கள், ஓடினோம். நிற்கச் சொன்னார்கள், நின்றோம். வேலைக்கு வந்த பிறகு ஓடுவது குறைந்து, நிற்பது மட்டும் மிஞ்சியது. தேருக்கு நின்றேன். கட்சிக் கூட்டத்துக்கு நின்றேன். அமைச்சர் வருகிறார் என்று வெயிலில் நின்றேன், அவர் வேறு பாதையில் போய்விட்டார் என்று தெரிந்த பிறகும், கலைந்து போகலாம் என்று யாரும் சொல்லாததால் நின்றேன். கடைசியில் சிறப்பு சார்பு ஆய்வாளர் என்று தோளில் ஒரு நட்சத்திரத்தைக் குத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரில் ஒருவர் கண்ணிலும் அந்த நட்சத்திரம் படவில்லை. இன்றைக்கும் ஏட்டையாதான்.

உருப்படியாக நான் எதையாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டுமென்றால் அது ஐந்தருவியில்தான். சீசன் வந்துவிட்டால் எங்களுக்கு அங்கேதான் வாசம். தண்ணீர் கூடப்போகிறது என்பதை முதலில் நிறம் சொல்லும். வெள்ளையாக விழுகிற தண்ணீர் லேசாகத் தேயிலை நிறத்துக்கு வரும். அடுத்துச் சருகு வரும். அதற்கடுத்துக் குச்சி வரும். குச்சி வந்த பிறகும் யோசித்துக்கொண்டு நிற்கிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை. விசில் அடித்து, ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் இரண்டையும் ஒரே நேரத்தில் காலி செய்து, படியில் நெரிசல் சேராமல் மேலே அனுப்பி, பாதையை அடைத்துவிட்டு அதன் முன்னால் நிற்க வேண்டும்.

சொல்ல எளிது. விசில் சத்தம் கேட்டு வெளியே வந்த ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. விசில் என்றால் ‘கடைசி முழுக்குப் போட்டுக்கொள்’ என்று பொருள் என மக்கள் முடிவு செய்திருந்தார்கள். அதுவரை குளிருக்குப் பயந்து ஓரத்தில் நின்றவன்கூட விசிலைக் கேட்டதும் நடு அருவிக்குப் பாய்வான். கையைப் பிடித்து இழுக்கலாம் என்றால் உடம்பெல்லாம் எண்ணெய், வழுக்கிக்கொண்டு போவான். துண்டைப் பிடித்தால் துண்டு மட்டும் என் கையோடு வரும். துண்டில்லாதவனை வெளியே வா என்று எந்த வாயால் கூப்பிடுவது?

அப்போது எங்களுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். அவர் குரல் உயர்ந்து கேட்டவர்கள் கிடையாது. எந்த மழையிலும் சட்டையில் மடிப்புக் கலையாது. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நான் ஊதி ஊதிக் கன்னம் வலித்து நிற்கும்போது பின்னால் வந்து நிற்பார்.

“ஊதி முடிச்சிட்டீரா?”

“ஐயா, ஒரு பயலும் வரமாட்டங்கான்.”

கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார். அருவியோரம் போய், பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்வார்: “மேல எவனோ உங்க பேண்ட்டையெல்லாம் அள்ளிட்டுப் போறான் பாருங்க.”

அவ்வளவுதான். மறு நிமிடம் அருவி தன்னந்தனியாக விழுந்துகொண்டிருக்கும்.

“ஒருத்தனப் பிடிக்கணும்னு நீரு ஓடாதேயும் வே. அவன் எதுக்கு ஓடி வருவான்னு பாரும்” என்பார் திரும்பி நடந்துகொண்டே.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. சந்தேகப்பட்டு அழைத்து வந்தவனை எதிரே உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, சும்மா இருப்பார். கேள்வி கிடையாது, அதட்டல் கிடையாது. ஜன்னலைப் பார்ப்பார், கிராம்பை மெல்லுவார். எதிரே இருப்பவன் டீயை முடிப்பதற்குள் தானாகவே கொட்டிவிடுவான். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்தேனே ஒழிய, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது. காரணம் நான். அடுப்படியில் போய் நின்று, சீரக டப்பா ஏன் உளுந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று விசாரித்தேன். தெருவில் கீரை விற்க வந்தவரை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர், எந்த வழியாகப் போகிறீர் என்று கேட்டேன். அவர் எங்கள் தெருவையே விட்டுவிட்டார்.

“காலைல எந்திரிச்சுப் போறதுக்கு உங்களுக்கு ஒரு இடம் வேணும்” என்றாள் என் மனைவி செண்பகம். “இல்லன்னா எனக்கு வேணும்.”

இடம் இருந்தது. குத்துக்கல்வலசைக்கு வெளியே அவள் அப்பா அவளுக்குக் கொடுத்த துண்டு நிலம். ஒரு கிணறு, ஒரு மோட்டார் ரூம், அதன் பக்கத்தில் ஒரு தென்னை. ஒட்டியிருந்த தன் பங்கை அவள் தம்பி மாரியப்பன் மனை போட்டு, கலர் கலராகக் கல் நட்டிருந்தான். அக்கா பங்கும் கைக்கு வந்தால் நடுவே அகலமாக ஒரு ரோடு விடலாம் என்பது அவன் கணக்கு. சுருட்டிய மனை வரைபடம் ஒன்றை, சிலர் குடை வைத்திருப்பதுபோல, எப்போதும் கக்கத்தில் வைத்திருப்பான்.

அந்த வருடப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டே தொடங்கினான். “அக்கா, அத்தான் வெவசாயம் பாக்கப் போறாகளாமே. நம்ம நெலம் என்னக்கா பாவம் செஞ்சுது?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஒரு வருசம் டைம் குடு. பொறவு பேசு.”

செண்பகம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரி. அடுத்த பொங்கலுக்கு என் அடுப்புல நம்ம வயல்ல வெளைஞ்சது எதாவது ஒண்ணு ஏறணும். ஏறிச்சுன்னா நெலத்த நான் விக்கல. ஏறலன்னா தம்பிகிட்ட குடுத்துருவேன். அவன் கல்லு நட்டுக்கிடட்டும்.”

“எதாவது ஒண்ணுன்னா?”

“ஒரு வெண்டக்காயா இருந்தாலும் சரி.”

ஒரு வெண்டைக்காய்! எனக்கு அவமானமாக இருந்தது. நான் அதற்கு முந்தின நாள்தான் லாரி வாடகை விசாரித்துவிட்டு வந்திருந்தேன்.

மாசியில் நிலக்கடலை விதைத்தேன். விதைத்த மறுநாள் மலைப் பக்கமிருந்து மயில்கள் வந்தன. வரிசையாக, அவசரப்படாமல், பந்திக்கு வருகிறவர்கள் மாதிரி வந்து, நான் குனிந்து குனிந்து ஊன்றிய பருப்பை நிமிர்ந்தபடியே கொத்தி எடுத்தன. தேசியப் பறவை. கல்லெறியக் கை வராது, சல்யூட் அடிக்கத்தான் வரும். யோசித்துப் பார்த்து, பீரோவிலிருந்து என் பழைய விசிலை எடுத்துப்போய் ஊதினேன். எல்லாம் பறந்து போயின. ஆகா, மனிதர்கள் மதிக்காத விசிலைப் பறவை மதிக்கிறதே என்று மனம் நிறைந்து, டீக்கடைக்குப் போனேன்.

தவறு அங்கேதான். தினமும் விசில் அடிப்பது, அடித்த கையோடு டீக்கடைக்குப் போவது என்று எனக்கு ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. மயில்கள் இதைக் கவனித்திருக்கின்றன. விசில் சத்தம் கேட்டால் ஏட்டையா கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். கொஞ்ச நாளில், விசில் அடித்தால்தான் மயில் வரும் என்றாகிவிட்டது.

இதை முதலில் கண்டுபிடித்தவள் இசக்கி. அடுத்த வயல்காரி. மாடு வளர்த்து, தென்காசி டீக்கடைகளுக்கு மொபெட்டில் பால் ஊற்றுகிறவள். பால் கேனோடு வரப்போரம் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டையா, கோழிக்கு எர போட பா பான்னு கூப்புடுவாவ. நீங்க மயிலுக்கு விசிலடிச்சுக் கூப்புடுதீயளோ?”

கடலை போயிற்று. அடுத்து சின்ன வெங்காயம் நட்டேன். நன்றாகவே வந்தது. சுற்றியிருந்தவர்கள் வைகாசியிலேயே பிடுங்கிவிட்டார்கள். நான் மட்டும், இன்னும் கொஞ்சம் திரளட்டும் என்று விட்டுவைத்து, ஆனியில் பிடுங்கித் தாளோடு வயலிலேயே காயப் பரப்பினேன்.

அன்று காலை மலையைப் பார்த்தேன். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று ஈரமாக வந்தது. இத்தனை வருடம் அருவியில் நின்றவனுக்கு இது போதாதா? உடனே தெரிந்தவர், சொந்தக்காரர், மதுரையில் இருக்கும் பழைய நண்பர் எல்லாருக்கும் போன் போட்டேன். “நாளைக்குச் சாரல் பிடிச்சிரும், அருவி விழும், கிளம்பி வாங்க.” ஒரு நாள்கூடத் தப்பவில்லை. மறுநாள் விடியும்போதே சாரல் பிடித்துவிட்டது.

நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, சேற்றிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. “அண்ணாச்சி, சொன்ன மாதிரியே சீசன் ஆரம்பிச்சிட்டே! நீங்க மனுசனே இல்ல!” என்றார் ஒருவர். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

போனில் பாராட்டியவர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். ஈர வெங்காயத்தைக் கூடத்தில், உள்ளறையில், கட்டிலுக்கு அடியில் என்று பரப்பி ஃபேனைப் போட்டிருந்தேன். விருந்தாளிகள் அதற்கு நடுவே படுத்தார்கள். அழுகல் வாடை கிளம்பியபோது, அருவிக்குப் போய்வந்த ஈரத் துணி வாடை என்று அவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

“ஊருக்கெல்லாம் போன் போட்டீயளே” என்றாள் செண்பகம், கதவிடுக்கில் சிக்கிய வெங்காயத்தைக் காலால் தள்ளியபடி. “அந்த வெங்காயத்துக்கு ஒரு போன் போட்டிருக்கக்கூடாதா?”

பொங்கலுக்காக ஒன்றிரண்டை ஒளித்து வைத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பழைய சீருடைத் தொப்பிக்குள் வைத்தேன். அதுவும் அழுகிப்போனது, தொப்பியையும் சேர்த்து.

இனி அந்த வருடத்தின் பெரிய வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் கிடையாது. செண்பகம் வைத்த கெடுவுக்கு அதைவிடப் பொருத்தமான பயிர் ஏது? வயல் முழுவதும் சிறுகிழங்கு நட்டேன், ஓரத்தில் தட்டைப்பயறு போட்டேன். கொடி படர்ந்து தரையே தெரியாமல் பச்சையாகக் கிடந்தபோது, மாரியப்பனே வரப்பில் நின்று பார்த்துவிட்டு, வரைபடத்தைக் கக்கம் மாற்றி வைத்துக்கொண்டு நடையைக் கட்டினான். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

கார்த்திகையில் ஒரு நாள், டீ குடித்துவிட்டு வயலுக்குத் திரும்பினால் ஒரு மூலையில் கொடி மொட்டையாக இருந்தது. வேறு எந்த விவசாயியாக இருந்தாலும் ஒரு வேலி போட்டிருப்பார். நான் சம்பவ இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினேன். குளம்புத் தடம் எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசையில் போகிறது என்று குனிந்தபடி நடந்தேன். முக்கியத் தடயமாகக் கொஞ்சம் சாணி கிடைத்தது. அதை வாழையிலையில் எடுத்துப்போய், வீட்டில் பத்திரமாக ஒரு வாளியில் வைத்தேன். மறுநாள் காலையில் செண்பகம் அதைக் கரைத்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டாள். தடயம் அழிக்கப்பட்டது, அழித்தவர் மேல் நடவடிக்கை எடுக்க எனக்குத் தைரியமில்லை.

சரி, இந்தக் குற்றத்தால் யாருக்கு லாபம் என்று யோசித்தேன். ஒரே ஒருவனுக்குத்தான். மாரியப்பனை வீட்டுக்கு அழைத்து, எதிரே உட்காரவைத்து, டீ வரவழைத்துவிட்டு, இன்ஸ்பெக்டரைப்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். வாயில் கிராம்பும் போட்டிருந்தேன். அந்த மௌனத்துக்குள் மாரியப்பன் போனில் பேசி ஒரு மனையை விற்று முடித்தான். டீயையும் குடித்துவிட்டு, என்னை ஒருமாதிரியாகப் பார்த்தான்.

“அத்தான், பல்லு வலியா?”

மௌனத்தைக் கைவிட்டு நேரடியாகக் கேட்டேன். “மாட்ட அவுத்துவிட்டது நீதான?”

அவன் சிரித்த சிரிப்பில் வரைபடம் கக்கத்திலிருந்து நழுவி விழுந்தது. “ஒங்க வயல அழிக்க நான் எதுக்கு அத்தான் மாடு புடிக்கணும்? அதான் நீங்க இருக்கீயளே!”

இதற்கு மேல் அவனை விசாரிக்க முடியவில்லை. அடுத்தது அடையாள அணிவகுப்பு. மாடுகள் வீடு திரும்பும் சாயங்கால நேரத்தில், வாய்க்கால் பாதையில் வழிமறித்து நின்றுகொண்டேன். இசக்கி ஓட்டிவந்த மாடுகளும் இன்னும் சிலருடைய மாடுகளும் குழம்பி நின்றன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் முகத்தையும் உற்றுப் பார்த்தபடி வரிசைக்கு முன்னால் நடந்தேன். கொம்பு மடங்கிய ஒரு செவலை மாடு வரிசையிலிருந்து தானாகவே விலகி வந்து, என் சட்டையை மோந்து பார்த்து, நாக்கைச் சுழற்றி மார்பை நக்கியது. என் சட்டை முழுக்கச் சிறுகிழங்குக் கொடியின் வாசம். சாட்சி குற்றவாளியை அடையாளம் காட்டுவதுதான் வழக்கம். இங்கே குற்றவாளி சாட்சியை அடையாளம் காட்டிவிட்டது.

“இசக்கி, இதுதான்!”

“அது எல்லாரையும்தான் நக்கும் ஏட்டையா. பாசமுள்ள மாடு” என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

மறுநாள் நான் டீக்கடைக்குப் போவதுபோலப் போய், பாதி வழியில் திரும்பி வந்தேன். செவலை, வாய் நிறையக் கொடியோடு நின்றது. டீக்கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். குற்றத்தை விளக்கி, காவலில் எடுப்பதாக மாட்டிடம் சொன்னேன். அதிகாரம் என் கையைவிட்டுப் போய் வருடம் ஆகப்போகிறது என்பது மாட்டுக்குத் தெரியாது, எனக்கும் அந்த நேரத்தில் நினைவில்லை.

“ஏட்டையா, இது கையெழுத்துப் போடுமா, கைநாட்டா?” என்றார் டீக்கடைக்காரர்.

மோட்டார் ரூம் பக்கத்துத் தென்னையில் மாட்டைக் கட்டினேன். இசக்கிக்குச் சொல்லியனுப்பினேன்: வந்து தப்பை ஒப்புக்கொண்டு ஓட்டிப் போகலாம். மதியத்துக்குள் அலறியடித்து வருவாள் என்று சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மொபெட்டில் போகிற போக்கில் கையை ஆட்டினாள்.

“நல்லாப் பாத்துக்கிடுங்க ஏட்டையா. அதுக்குத் தவிடு ஆகாது, பச்சதான் திங்கும்.”

காவலில் இருப்பவரைப் பட்டினி போடக்கூடாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். வரப்புப் புல்லை அறுத்துப் போட்டேன். அது சீக்கிரமே தீர்ந்தது. மாடு ஊரே கேட்கும்படி கத்தியது, காவலில் கொடுமை என்று பேச்சு வந்துவிடக்கூடாதே என்று தட்டைப்பயறைப் பிடுங்கிப் போட்டேன். அதுவும் தீர்ந்தது. அப்புறம், ஒரு கைப்பிடிதானே என்று சிறுகிழங்குக் கொடியில் அரிவாளை வைத்தேன். அது திருடித் தின்றபோது ஒரு மூலைதான் போயிருந்தது. சட்டப்படி தின்றபோது வயல் முழுவதும் போயிற்று.

“அவுத்துவிட்டுத் தொலைங்களேன்” என்றாள் செண்பகம்.

“ஒத்துக்கிடாம விட்டா வழக்கு நிக்காது.”

“வழக்கு நிக்கும். கெழங்கு நிக்குமா? தம்பி நேத்தே அளவுக்காரங்கள வரச் சொல்லிட்டான்.”

அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. அந்தக் கிணறு வெட்டும்போது அவள் அப்பாவோடு மண் சுமந்தவள் அவள். நிலம் போவதில் அவளுக்கும் இஷ்டமில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்தாலும், இத்தனை நாள் கட்டிவைத்துவிட்டு இசக்கி முன்னால் போய் நானே அவிழ்த்துவிட எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட மடையன்.

மாட்டின் வயிறு நாளுக்கு நாள் பெருத்தது. என் கவனிப்பின் சிறப்பு என்று நினைத்து, டீக்கடையில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். மார்கழியில் ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால், தென்னையடியில் மாடு எதையோ நக்கிக்கொண்டிருந்தது. அந்த எதுவோ, தள்ளாடி எழுந்து நின்றது. கைது செய்தது ஒன்று, காவலில் இருப்பது இரண்டு.

எப்படித்தான் தெரிந்ததோ, நான் சொல்லியனுப்புவதற்குள் இசக்கி வந்துவிட்டாள். மொபெட் வாய்க்கால் பாதையில் விழுந்து கிடக்க, செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ‘அவன் எதுக்கு ஓடி வருவான்னு பாரும்’ என்ற குரல், கிராம்பு வாசத்தோடு என் காதுக்குள் கேட்டது. பால் வற்றிய சினைமாட்டுக்கு எவள் ஓடி வருவாள்? அது கன்று போட்டால்தானே ஓடி வருவாள்! மடியைத் தடவிப் பார்த்து, கன்றைத் துண்டால் துடைத்துவிட்டு, என்னிடம் திரும்பினாள்.

“அவுக்கட்டுமா ஏட்டையா?”

“மொதல்ல தப்ப ஒத்துக்கிடு.”

“என்ன தப்பு? சினமாட்டக் கட்டிவச்சு, பச்ச அறுத்துப் போட்டு, பிரசவமும் பாத்து விட்டிருக்கீய. எங்கம்ம வீட்ல எனக்கே இம்புட்டு செய்யல.” கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: “பொங்கலுக்குப் பாலு நான் கொண்டாந்து தாரேன். இந்த மாட்டுப் பாலு.”

பொங்கலுக்கு முந்தின நாள் வயலைத் தோண்டினேன். இலையே இல்லாத கொடி கிழங்குக்கு எங்கே போகும்? மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு கைப்பிடி கிடைத்தது. ‘எதாவது ஒண்ணு’ என்றுதானே சொன்னாள், இது போதும் என்று ஓடினேன். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டு அடித்துத் தோலுரிப்பதுதான் முறை. பக்தியோடு அடித்தேன். சாக்கைத் திறந்தால் தோல் மட்டும்தான் இருந்தது.

பொங்கலன்று மாரியப்பன் விடிவதற்குள் வந்துவிட்டான், வரைபடத்துக்குப் புது உறை போட்டு. இசக்கி சொன்னபடியே தூக்குவாளியில் பால் கொண்டுவந்தாள். வாசலில் அடுப்பு மூட்டி, செண்பகம் பானையில் பாலை ஊற்றினாள். நான் ஓரமாக உட்கார்ந்து, நாளையிலிருந்து காலையில் எழுந்து எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பால் நுரைத்து, கழுத்தைத் தாண்டி வழிந்தது. இசக்கி குலவையிட்டாள். அந்தக் குலவைச் சத்தத்தில், இத்தனை வருட சர்வீஸில் ஒருநாளும் வேலை செய்யாத என் மூளை வேலை செய்தது. எழுந்து நின்றேன்.

“செம்பகம், அடுப்புல ஏறியிருக்கது என்ன?”

“கண்ணு தெரியலியா? பாலு.”

“எந்த மாட்டுப் பாலு?”

“இசக்கி மாட்டுப் பாலு.”

“அந்த மாடு கார்த்திகைலேர்ந்து எந்த வயல்ல வெளைஞ்சத தின்னுச்சு? கடலைய மயிலு தின்னுச்சு, வெங்காயத்த மழ தின்னுச்சு. ஆனா தட்டப்பயறு, கெழங்குக்கொடி அம்புட்டும் அது வயித்துல போயி, பாலா வந்து, ஒன் அடுப்புல ஏறியிருக்கு. ‘எதாவது ஒண்ணு’ன்னுதான நீ சொன்ன?”

“அத்தான், இது போங்காட்டம்!” என்று மாரியப்பன் எழுந்தான்.

“சாட்சியக் கேட்டுக்கோ மாப்ள.”

எல்லாரும் இசக்கியைப் பார்த்தார்கள். கார்த்திகையிலிருந்து ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளாதவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: “ஆமாக்கா. கட்டிப்போடுததுக்கு முன்னாடியும் அது மேஞ்சது ஏட்டையா வயலுதான். காலைல அவுக டீ குடிக்கப் போற நேரம் பாத்து நான்தான் பத்திவிடுவேன்.”

செண்பகம் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அரிசியைக் களைந்து பானையில் போட்டாள். அகப்பையால் மெல்லக் கிண்டினாள். எங்கேயோ பார்த்தாள். இன்ஸ்பெக்டருக்கு அப்புறம் அப்படி ஒரு மௌனத்தை நான் பார்க்கவில்லை. மாரியப்பன் வரைபடத்தைக் கக்கம் மாற்றினான், திரும்பவும் மாற்றினான். இசக்கி காலி வாளியை எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். கடைசியில் வாயைத் திறந்தவன் நான்தான்.

“முடிவச் சொல்லு செம்பகம். நெலத்த என்ன செய்யப்போற?”

அவள் தணலை உள்ளே தள்ளிவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“மாட்டுக்கு விட்டுருதேன், நீங்க புல்லறுத்துப் போடுங்க.”